நொண்டி மாட்டைச் சந்தையில் விற்கலாமா? பெங்களூரு மாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், லிங்கராஜபுரம், ஹெண்ணூர் பக்கம் வீட்டோடு இரண்டு மூன்று கறவை வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் அப்பா காலம் வரை மாடு இருந்தது. நான் பால் கேனை விட்டுவிட்டு வக்கீல் குமாஸ்தா வேலைக்குப் போனவன். மாடும் தெரியும், கோர்ட் வராந்தாவும் தெரியும் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கால் நொண்டும் மாட்டைச் சந்தையில் நிறுத்தினால் குற்றமா?

நொண்டுவது மட்டும் குற்றமில்லை. எதனால் நொண்டுகிறது என்பதுதான் கேள்வி.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதில் 11(1) பிரிவின் 'கே' உட்பிரிவைப் பாருங்கள். உறுப்புச் சிதைவு, பட்டினி, தாகம், நெரிசல் அல்லது வேறு கொடுமையால் வலியில் இருக்கும் மிருகத்தை விற்பனைக்கு நிறுத்துவது குற்றம். தக்க காரணமில்லாமல் அப்படிப்பட்ட மிருகத்தைக் கையில் வைத்திருப்பதும் குற்றம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். விற்று முடிந்து பணம் கைமாறியிருக்க வேண்டியதில்லை, விற்பனைக்கு நிறுத்தினாலே போதும். அடுத்தது, 'வைத்திருப்பது' என்ற சொல். "மாடு என்னுடையதில்லை, நான் வெறும் தரகன்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒருவர் சொன்னால் அது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

பிறவியிலேயே ஒரு கண் இல்லாத கிடேரி நன்றாக மேய்கிறது, பருவத்துக்கு வந்திருக்கிறது என்றால் தாராளமாக விற்கலாம். வாங்குபவருக்குச் சொல்லி விற்றால் மரியாதை. ஆனால் குளம்பு அழுகி, புழு வைத்து, மூன்று காலில் நிற்கிற மாட்டை மாசக்கணக்கில் வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டுச் சந்தைக்கு ஓட்டி வந்தால், அந்தக் கவனிப்பின்மையே 'வேறு கொடுமை'க்குள் வரும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்று: வயதாலோ நோயாலோ புண்ணாலோ முடியாமல் போன மாட்டை வண்டியில் பூட்டி வேலை வாங்குவது தனிக் குற்றம்.

2017இல் சந்தைக்கென்றே தனி விதிகள் வந்தனவே, அவை என்ன ஆயின?

2017 மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்: சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக்கூடாது என்ற விதி. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பகுதிக்கு நான்கு வாரத் தடை கொடுத்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. அடுத்த வருடம், 2018இல், புதிய வரைவு ஒன்று வெளியானது.

இந்தச் சத்தத்தில் காணாமல் போனது நம் நொண்டி மாடு. அதே விதிகளில் சந்தைக்கு மருத்துவர் வர வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் நிழலும் ஏற்றி இறக்கச் சாய்தளமும் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. செய்யக்கூடாதவை என்று ஒரு நீண்ட பட்டியல் வேறு: சூடு போடுவது, கொம்புக்கு வர்ணம் அடிப்பது, எருமையின் காதை வெட்டுவது, கன்று குடிக்காதபடி காம்பை ஒட்டுநாடாவால் அடைப்பது. எழுதியவர் யாரோ சந்தையில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் ராத்திரி முழுக்கக் கத்தினார்கள். காம்பில் ஒட்டுநாடா ஒட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

நடைமுறையில் என் யோசனை: யாரிடமாவது சட்டம் பேசப் போனால் 2017 விதிகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உடனே தடை உத்தரவைக் காட்டுவார்கள். 1960 சட்டமும் போக்குவரத்து விதிகளும் கெட்டியாக நிற்கின்றன. அவையே போதும்.

சந்தையில் ஊனத்தை எப்படி மறைக்கிறார்கள்?

நகரத்துக்கு வெளியே ஒரு வாரச்சந்தை, விடிகாலை ஐந்தரை மணி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கறவை பார்க்கக் கூடப் போயிருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கலப்பினப் பசு. மடி பானை மாதிரி இருந்தது. பல் பார்த்தோம், ஆறு பல். சுழி குற்றமில்லை. தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையை மூடி, விரல் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டார். மாடு மட்டும் அசையவேயில்லை. நின்ற இடம் லேசான சரிவு, பின்னங்கால் ஒன்று மேட்டில் இருந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு கன்னடக்காரப் பெரியவர் சாதாரணமாகச் சொன்னார்: "நடெசி தோர்சப்பா." நடத்திக் காட்டச் சொல்கிறார். தரகர் முகம் மாறியது. "ராத்திரி முழுக்க வண்டியில் வந்திருக்கு, களைப்பு" என்றார். பெரியவர் விடவில்லை. கயிற்றை இழுத்ததும் மாடு இரண்டடி வைத்தது. மேட்டில் இருந்த காலைத் தரையில் ஊன்றவே இல்லை. குளம்புப் பிளவில் மஞ்சள்தூளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பி, மேலே சேற்றைப் பூசியிருந்தார்கள். மடி பெருத்திருந்ததற்குக் காரணமும் அப்புறம்தான் தெரிந்தது. முந்தின நாள் காலையிலிருந்து கறக்காமல் விட்டிருக்கிறார்கள். தொட்டாலே உதைத்தது, அவ்வளவு வலி.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் சமதரையில் இருபது அடி நடத்திப் பார்க்காமல் துண்டுக்குள் கையை விடாதீர்கள். படுத்திருந்தால் தானாக எழட்டும். வாலை முறுக்கியோ கண்ணில் மிளகாய் தேய்த்தோ எழுப்பினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். அது 1960 சட்டத்தின் 11(1) பிரிவில் 'ஏ' உட்பிரிவில் நேராக வருகிற குற்றம்.

ஏமாந்து வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொல்வேன். ஏனென்றால் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் இதே கதையைச் சொல்கிறது. 17ஆம் பிரிவு, மோசடி என்றால் என்ன என்று விளக்கும் இடம். அங்கே உதாரணமாக வருவதே ஒரு ஏலமும் ஒரு குதிரையும்தான்.

ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அது குறையுள்ளது என்று அவனுக்குத் தெரியும், ஆனால் வாயே திறக்கவில்லை. இது மோசடி இல்லை என்கிறது சட்டம். சும்மா இருப்பது குற்றமல்ல, வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்த உதாரணம்: வாங்குகிறவள் அவனுடைய மகள், அப்போதுதான் மைனர் வயதைத் தாண்டியவள். இங்கே அப்பனுக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. வாங்குகிறவன் சொல்கிறான்: "நீ இல்லை என்று மறுக்காவிட்டால் குதிரை நல்லாயிருக்கு என்றே எடுத்துக்கொள்வேன்." விற்கிறவன் பேசாமல் இருக்கிறான். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதிய இந்த வரி இன்றைக்கும் சந்தையில் வேலை செய்யும். நாலு பேர் கேட்க, முடிந்தால் செல்போனில் பதிவாக, "அண்ணே, கால்ல, மடியில, சினையில ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க, சொல்லலைன்னா நல்ல மாடுன்னுதான் வாங்குறேன்" என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி பதில் சொல்வார். மற்றவர் பேச்சை மாற்றுவார். அதற்கு மேல், சேற்றைப் பூசி மறைப்பது வெறும் மௌனம் அல்ல, செயலால் மறைப்பது. அதுவும் மோசடியில் சேரும். அப்படி நிரூபித்தால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: மௌனத்தை மட்டும் வைத்து வழக்குப் போட்டால், சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு எதிர்த்தரப்பு உங்களையே கேள்வி கேட்கும். நடத்திப் பாருங்கள் என்று மேலே சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

முடியாத மாட்டை நடத்தியே கூட்டிக்கொண்டு போகலாமா? டெம்போவில் ஏற்றினால்?

நடத்தக்கூடாது. கால்நடையாக ஓட்டிச் செல்வதற்கென்று 2001இல் வந்த விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: நோயுற்றது, குருடு, எலும்பும் தோலுமானது, நொண்டி, களைத்தது, கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாதது, வழியிலேயே ஈனக்கூடியது, தொப்புள் ஆறாத கன்று, இவற்றையெல்லாம் நடத்தி ஓட்டக்கூடாது. சந்தை, ஏலம் என்ற சொல்லே இல்லாத இந்த விதிதான் என் கணக்கில் நொண்டி மாட்டுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு. இங்கே வலிக்கு யார் காரணம் என்ற ஆராய்ச்சியே கிடையாது. நொண்டியா, நடத்தாதே. அவ்வளவுதான்.

வண்டியில் ஏற்ற 1978ஆம் வருட விதிகள். பயணத்துக்குத் தகுதியான மாடு, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுக்க வேண்டும். சாதாரணச் சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக வருபவர்கள் இந்தச் சான்று, வாங்கிய ரசீது, காதிலுள்ள 12 இலக்கத் தோட்டின் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் வண்டியை நிறுத்தினால் பேச்சைவிடக் காகிதம்தான் பேசும்.

மாடு விழுந்துவிட்டது, எழவே மாட்டேன் என்கிறது. "இப்பவே குடுத்துடு, நாளைக்குச் செத்துப்போயிடும்" என்கிறார் தரகர்.

அவரை வாசலோடு அனுப்பிவிட்டு 1962க்குப் போன் செய்யுங்கள். கால்நடை அவசர ஊர்தி எண் அது, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே எண். பெங்களூருக்குள் இருந்தால் குயின்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனையும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், தொட்டால் காது சில்லென்று இருக்கும். கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிப் போவதால் வருவது. மருத்துவர் வந்து கால்சியம் பாட்டிலை நரம்பில் மெதுவாக ஏற்றினால், சில மணி நேரத்தில் தானாக எழுந்து கன்றை நக்கும் மாடுகள் ஏராளம். தரகர் அவசரப்படுத்துவதும் அதற்காகத்தான் என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. சாகப்போகிறது என்று உங்களிடம் வாங்கி, கால்சியம் ஏற்றி, அடுத்த வாரம் நல்ல விலைக்கு விற்பார்.

மருத்துவர் வரும்வரை ஒருபக்கமாகச் சரிந்து கிடக்க விடாதீர்கள். நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டை கொடுங்கள். சிமெண்டுத் தரை என்றால் கீழே மணலோ கனமாக வைக்கோலோ போடுங்கள். சில மணிக்கொரு தரம் பக்கம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சொந்த உடம்பின் எடையிலேயே கீழ்ப்பக்கத்துத் தொடை நசுங்கி, நோய் சரியானாலும் கால் வராது. மூங்கில் கொட்டத்தில் கஷாயம் புகட்டவே கூடாது. படுத்திருக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும். என் அத்தை வீட்டில் ஒரு நல்ல மாடு அப்படித்தான் போனது.

மாட்டினால் அபராதம் எவ்வளவு?

சிரிக்கக்கூடாது. 1960 சட்டத்தில் முதல் தடவை 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் போட்ட தொகை இது. சிவாஜிநகரில் இரண்டு பேர் காபி குடித்தால் அபராதத்துக்கு மேல் ஆகிவிடும். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே தண்டனையைக் கூட்டச் சொல்லியிருக்கிறது. 2022இல் திருத்த வரைவு ஒன்றும் வந்தது.

அப்படியென்றால் புகார் கொடுத்து என்ன பிரயோஜனம்?

வியாபாரிக்கு வலிப்பது அபராதம் அல்ல, மாடு கையை விட்டுப் போவது. போலீஸ் மாட்டைப் பறிமுதல் செய்யலாம். வழக்கு முடியும்வரை நீதிமன்றம் அதை மருத்துவசாலைக்கோ காப்பகத்துக்கோ அனுப்பலாம், செலவை உடையவரிடம் கேட்கலாம். குற்றம் உறுதியானால் மாட்டின் மேலுள்ள உரிமையையே பறிக்க 1960 சட்டத்தின் 29ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வேண்டுமென்றே அடித்து ஊனமாக்கியிருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. முன்பு அது இந்திய தண்டனைச் சட்டம் 428, 429 ஆக இருந்தது.

விற்கவும் கூடாது, வெட்டுக்கும் கொடுக்க முடியாது. நான் என்னதான் செய்ய?

நியாயமான கோபம். கர்நாடகத்தில் 1964 சட்டப்படி 12 வயது தாண்டிய காளை, எருது, எருமையையும், உழைக்கவோ கறக்கவோ இனம் பெருக்கவோ முடியாமல் போனவற்றையும் சான்று வாங்கி வெட்டுக்குக் கொடுக்க வழி இருந்தது. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் காளைக்கும் எருதுக்கும் அந்தக் கதவை மூடிவிட்டது. 13 வயதுக்கு மேற்பட்ட எருமைக்கு மட்டும் இடமிருக்கிறது. மீறினால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை, 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். மாட்டைப் பட்டினி போட்டால் 50 ரூபாய், வெட்டுக்கு விற்றால் 5 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் எதைப் பெரிய பாவமாக நினைக்கிறது என்று விளங்கும்.

எல்லைக்கு அந்தப்பக்கம் 1958ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் 10 வயது தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கும், காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடியாமல் போன மாட்டுக்கும் சான்றின் பேரில் இடம் கொடுக்கிறது. பசுவுக்கும் கிடேரிக்கும் 1976 அரசாணை தடை போட்டது. இந்த வித்தியாசத்தை நம்பி ராத்திரியில் ஓசூர் ரோட்டில் வண்டி ஏற்றுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: வெட்டுக்காக மாநிலம் விட்டுக் கடத்துவதும் இங்கே கர்நாடகத்தின் அந்தப் புதிய சட்டத்தில் குற்றம்.

கோசாலை இருக்கிறதே என்பார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள். நல்ல காலுள்ள மாட்டுக்கே இடமில்லை என்று கைவிரிப்பவர்கள் நிறைய. ரோட்டில் அவிழ்த்துவிடுவதும் வழியல்ல. பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும், நோயாளி மாட்டைத் தெருவில் சாக விடுவதும் 1960 சட்டத்தின் அதே 11ஆம் பிரிவில் குற்றங்கள். அரசாங்கம் ஒவ்வொரு வாசலாகப் பூட்டிக்கொண்டே வந்துவிட்டு, பாட்டில் பால் கறந்து கடன் கட்டும் குடும்பத்தின் தலையில் சாவியைக் கட்டியிருக்கிறது. அதனால்தான் முடியாத மாடு சந்தைக்கு வருகிறது, கொடுமைக்காரர்கள் பெருகியதால் அல்ல.

கையில் இருக்கும் வழிகள் சிறியவை. கறவையில் இருக்கும்போதே இன்சூரன்ஸ் போடுங்கள்; நிரந்தர ஊனத்துக்கும் சேர்த்துக் கிடைக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். குளம்பை வருடத்துக்கு இரண்டு தடவையாவது சீவிவிடுங்கள், பாதி நொண்டல் அங்கேயே நிற்கும். கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

ஊசி போட்டு முடித்துவிடலாமா?

நீங்களாக முடிவெடுக்கக்கூடாது. பிழைக்காது, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலைக்கு 1960 சட்டத்தின் 13ஆம் பிரிவு இருக்கிறது. நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ உத்தரவிடும் வழிமுறை அது. அரசு கால்நடை மருத்துவரின் எழுத்து இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள், முக்கியமாகப் பசு விஷயத்தில்.

கொண்டித்தொழுவிலிருந்து ஏலத்துக்கு வரும் மாட்டை எடுக்கலாமா?

எடுக்கலாம். தெருவில் திரிந்த மாட்டைப் பிடித்து அடைத்து, உடையவர் வராவிட்டால் ஏலம் விடுவார்கள். நாட்கணக்கில் அடைபட்ட மாடு என்பதால் வயிற்றையும் காலையும் பாருங்கள். நகரத்து மாடென்றால் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம். ரசீது கட்டாயம்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1990ஆம் வருட ஆணைப்படி நோயுற்ற, காயப்பட்ட, களைத்த, பலவீனமான மிருகத்தைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்தவே விடக்கூடாது. அங்கேயே ஈன்றுவிடக்கூடிய நிலையில் உள்ளதையும் அப்படித்தான். நம் 'கே' உட்பிரிவு போல வலிக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பதில்லை.

அமெரிக்காவில் நடக்க முடியாமல் விழுந்த மாட்டுக்கு 'டவுனர்' என்று பெயரே உண்டு. 2003 டிசம்பரில் அங்கே பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, டவுனர் மாட்டின் இறைச்சி உணவுக்குப் போவதைத் தடுத்தார்கள். 2008இல் கலிஃபோர்னியாவில் விழுந்த மாடுகளை இயந்திரத்தால் தள்ளி எழுப்பும் ரகசியப் படப்பதிவு வெளியாகி, சுமார் 6.5 கோடி கிலோ மாட்டிறைச்சியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2009இல் ஓட்டைகளை அடைத்தார்கள். கலிஃபோர்னியா மாநிலம் ஒரு படி மேலே போய், ஏலக்கூடமோ தரகரோ இறைச்சிக்கூடமோ அப்படிப்பட்ட மிருகத்தை வாங்கவோ விற்கவோ கூடாது என்றது. பன்றி இறைச்சிக்கூடங்கள் சம்பந்தமான வழக்கில் 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்தியச் சட்டம் இருக்கும்போது இறைச்சிக்கூடத்துக்கு மாநிலம் தனி விதி போட முடியாது என்றுவிட்டது. அங்கேயும் மாடு நடுவில், இரண்டு சர்க்காரும் இரண்டு பக்கம்.

சந்தையில் கண்ணெதிரே பார்த்தால் என்ன செய்வது?

கூச்சல் போடாதீர்கள், நீங்கள் ஒருவர், அவர்கள் கூட்டம். மாட்டின் காலும் காதுத் தோடும் வண்டி எண்ணும் தெரிகிற மாதிரி செல்போனில் எடுங்கள். போலீசுக்கு 112, மாட்டுக்கு 1962, இரண்டுக்கும் சொல்லுங்கள். 1962க்கு முதலில். எஃப்.ஐ.ஆர். நாளைக்கும் போடலாம். தாகமாக இருந்தால் ஒரு வாளி தண்ணீர் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் கண்டவரை தரகர்கூட அதைத் தடுப்பதில்லை.